வலப்பக்கம்

இண்டிகேட்டர் போட்டதாகத்தான் ஆனந்த்ராஜ் நினைத்தான். வைப்பர் எழுந்து, மழையே இல்லாத கண்ணாடியைக் கரகரவென்று தேய்த்தது. நெய்வேலிக்கு வந்திறங்கிய ஒன்பது நாளில் இது எத்தனையாவது தடவையோ. வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் ஓடும் தோஹாவில் பதினாலு வருஷம் இடது கையால் இண்டிகேட்டர் போட்ட பழக்கம். இங்கே அந்தக் கைக்கு வைப்பர்தான் அகப்படுகிறது. கையை வெட்டியா போட முடியும்?

பின் சீட்டில் மாமியார் மார்த்தாள், அவள் மடியில் ஆறு வயது மகள் லிடியா. விடிகாலையில் ஆரம்பித்த இழுப்பு நிற்கவில்லை. ஒவ்வொரு மூச்சும் விசிலடித்தபடி உள்ளே போய், நெஞ்சில் எங்கோ சிக்கி, இழுத்து இழுத்து வெளியே வந்தது. வாயில் அடிக்கிற மருந்து தீர்ந்துபோயிருந்தது. மனைவி தோஹாவில் டூட்டியில். கார் மச்சான் மைக்கேலுடையது, அவன் மைன்ஸில் நைட் ஷிப்ட். "ஆட்டோ சொல்லலாம் மாப்ள" என்று மார்த்தாள் சொன்னபோது, "ஏன் அத்தை, எனக்கு ஓட்டத் தெரியாதா?" என்று ரோஷத்தில் சாவியை எடுத்தவன் இவன்தான். அத்தை வீடு இருக்கிற வடக்குத்து கிராமத்திலிருந்து டவுன்ஷிப் ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்.

மார்கழிப் பனி சாம்பல் வாசனையோடு ரோட்டில் படுத்துக் கிடந்தது.

"எடதுல வாங்க மாப்ள, எடதுல! எதிர்க்க சைக்கிள் வந்துகினு இருக்குது."

வெடுக்கென்று ஒடித்தான். சைக்கிள்காரர் ஏதோ திட்டிக்கொண்டே போனார். பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வலப்பக்கம் தலையைத் தூக்கினால் அங்கே கண்ணாடி இல்லை, அது இடப்பக்கம் இருந்தது. டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் இன்னும் மோசம். அளவெடுத்துப் போட்ட ரோடுகள், ஒரே அச்சில் குவார்ட்டர்ஸ், ஒரே உயரத்து மரங்கள், பிளாக் நம்பர் எழுதிய பலகைகளைப் பனி மூடியிருந்தது. ஒரு மஞ்சள் மதில் சுவரையே இரண்டு தடவை தாண்டிவிட்டான். சே, என்ன ஊர்டா இது! பத்து நிமிஷம் இருபதாகியிருந்தது, பின்னால் விசில் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது.

"எந்தப் பக்கம் அத்தை?"

"அதோ ரவுண்டானா, அத்த சுத்திக்கினு நேரா போங்க. புள்ள வாய் நீலமாவுது மாப்ள, சீக்கிரம்."

ரவுண்டானாவில் இடப்பக்கம் பார்த்தான். காலி. வலப்பக்கமாக உள்ளே திருப்பினான். இந்த நாட்டில் பார்க்க வேண்டியது அந்தப் பக்கம் இல்லை, திருப்ப வேண்டியதும் இப்படி இல்லை என்று உறைத்தபோது, பனிக்குள் இரண்டு வெளிச்சங்கள் பெரிதாகிக்கொண்டிருந்தன.

"ஐயோ, மாப்ள!"

லாரியின் ஹாரன் அலறியது. பாதியில் நின்றது.

ரவுண்டானாவைத் தாண்டி கார் நேர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. தப்பித்தோம், ஆண்டவரே! நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தான், படபடக்கவில்லை. ரோடு வழவழவென்று ஓடியது. ஒன்பது நாளில் முதல் தடவையாக ஸ்டியரிங் சொன்னபடி கேட்டது. எதிரே ஷிப்ட் பஸ் ஒன்று அதன் பக்கத்திலேயே வந்து ஒழுங்காகக் கடந்தது. டிபன் கேரியர் மாட்டிய சைக்கிள்கள் வரிசையாக வந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. யாரும் திட்டவில்லை. மார்த்தாளும் இடது என்று கத்தவில்லை. அந்த விசில் சத்தமும் நின்றிருந்தது.

"இழுப்பு நின்னுடுச்சா அத்தை?"

"நின்னுடுச்சு மாப்ள."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். இனி ஆஸ்பத்திரிக்கு மெதுவாகக்கூடப் போகலாம்.

எதிரே இன்னொரு பஸ். அவனுக்கு இடப்பக்கமாகக் கடந்தது.

இடப்பக்கமாக.

அப்படியானால் இவன் போய்க்கொண்டிருப்பது ரோட்டின் வலப்பக்கம். இவன் மட்டும் இல்லை. முன்னால் போகிற வேன், ஓரத்தில் போகிற சைக்கிள்கள், எல்லாம் வலப்பக்கம். ஒருவர் விடாமல். நெய்வேலியில்.

பிரேக்கை மிதித்தான். வேகம் குறையவில்லை. மறுபடி மிதித்தான்.

பக்கத்தில் ஒரு பஸ் வந்து சேர்ந்து, இவன் வேகத்துக்கே ஓடியது. ஜன்னல்தோறும் ஹெல்மெட் போட்ட ஆட்கள். அத்தனை பேரும் இவனையே பார்த்தார்கள். கோபம் இல்லை. ஆச்சரியம் இல்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவனைப் பார்க்கிற பார்வை.

"அப்பா."

லிடியாவின் குரல். திணறல் இல்லாத, தெளிவான குரல்.

"ஊதினா கண்ணாடியில புகை படியவே மாட்டேங்குது. பூனை எப்படி வரையறது?"

மெதுவாகத் திரும்பினான். மார்த்தாள் நேராக உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை ஜன்னல் கண்ணாடியில் வாயை வைத்து, ஒரு விரலைத் தயாராக நீட்டிக்கொண்டு, கன்னம் உப்ப ஊதினாள்.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

மறுபடி ஊதினாள். மறுபடி.