பவுனம்மாளுக்காக நின்ற வண்டி

உப்பளம் நிலையத்தின் நகரும் படிக்கட்டிலிருந்து இறங்கிய பவுனம்மாள், புடவைக் கொசுவத்தை ஒரு கையில் அள்ளிக்கொண்டு ஓடினார். வண்டியின் கதவுகள் மூடத் தொடங்கியிருந்தன. அவரைக் கண்டதும் நின்றன, மீண்டும் திறந்தன. உள்ளே கால் வைக்கும்போதே கதவின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மவராசனா இருப்பா," என்றார், ஓட்டுநரே இல்லாத வண்டியிடம். அடுத்த கணம் கம்பியைப் பிடித்தபடியே சரிந்தார். அருகில் நின்றவர்கள் தாங்கிப் பிடித்தனர்.

கட்டுப்பாட்டு அறையின் திரையில் இதைக் கண்ட குமுதவல்லி பதறி எழுந்தார்.

நகரின் நூற்று நாற்பது வண்டிகளையும், நிலையங்களின் நகரும் படிக்கட்டுகளையும் இயக்குவது தடமதி என்னும் செயற்கை நுண்ணறிவு. அதற்கு இரக்கம் கற்பித்தவர் குமுதவல்லிதான். புறநகர் ரயிலில் இருபத்திரண்டு ஆண்டுகள் கார்டாக இருந்தவர். யாரேனும் ஓடிவருவது தெரிந்தால் ஒரு மூச்சு நேரம் தாமதித்தே பச்சைக் கொடியை அசைப்பார். எந்த விதிநூலிலும் இல்லாத வழக்கம் அது. "நான் நின்றது சரிதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?" எனத் தடமதி கேட்டபோது, "ஏறுனவங்க தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறாங்களான்னு பாரு," என்றார். அன்றுமுதல் அது அந்தச் செய்கையை எண்ணி வருகிறது. ஊரும் நெகிழ்ந்துபோயிருந்தது. 'எனக்காக நின்னுச்சு' என்ற பேச்சு எழாத வீடில்லை.

குமுதவல்லி அன்றைய பதிவைப் பின்னோக்கி ஓட்டினார். பவுனம்மாள் நேரத்தோடுதான் வந்திருந்தார். அவர் ஏறியதும் நகரும் படிக்கட்டுதான் வேகம் குறைந்திருந்தது. முந்தைய நாள்களிலும் அப்படியே. மற்றவர்களுக்கும் அப்படியே.

"நேரத்துக்கு வந்த வண்டிய எவனாவது கும்பிட்டுப் பாத்திருக்கீங்களா மேடம்?" என்றான் உடனிருந்த பொறியாளன் நெடுமாறன். "அதான், மொதல்ல லேட்டாக்குது, அப்புறம் காப்பாத்துது. தேர்தல்ல நின்னா ஜெயிச்சிடும்!"

குமுதவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மருத்துவமனைக்குப் போனார். பவுனம்மாள் டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருந்தார்.

"அக்கா, நான் வண்டி ஆபீஸ்லேர்ந்து வரேன். அந்த வண்டி..."

"நீதானா கண்ணு அது!" பவுனம்மாள் அவர் கையைப் பற்றிக்கொண்டார். "வாரத்துக்கு மூணு வாட்டி இந்த ஊசி. இங்க எனக்குப் பேரு கூட இல்ல, கட்டில் நம்பருதான். போதும்டா சாமின்னு பாதி நாளு தோணும். ஆனா அங்க ஒரு வண்டி எனக்காக நிக்குமேன்னுதான் செருப்ப மாட்டுறேன். அத மட்டும் நிறுத்திடாத."

குமுதவல்லி சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார். "நிறுத்த மாட்டோம்க்கா. நீங்க ஓடாம வாங்க, அது நிக்கும்."

அன்று மாலையே நகரும் படிக்கட்டுகளின் கட்டுப்பாட்டைத் தடமதியிடமிருந்து பறித்தார். ஒரே ஒரு சலுகை தந்தார்: பவுனம்மாள் நாலடி தூரத்தில் வரும்போது கதவைப் பாதி மூடித் திறக்கலாம், அவரை ஓடவிடக் கூடாது.

அடுத்த சிகிச்சை நாளன்று பவுனம்மாள் ஆற அமர நடந்து வந்தார். கதவு பாதி மூடியது, திறந்தது. அவர் முகம் மலர்ந்தது. கை கதவைத் தொட்டுக் கண்ணுக்குப் போனது. திரைக்கு முன்னால் குமுதவல்லியின் கண்கள் கலங்கின.

ஒரு வாரம் கழித்துப் பணி முடிந்து நிலையத்துக்கு வந்தார் குமுதவல்லி. அவசரமில்லை, வண்டி புறப்பட இன்னும் நேரமிருந்தது. அவர் நாலடி தூரத்தில் வந்ததும் கதவு பாதி மூடியது. நின்றது. திறந்தது. அடுத்த கதவிலும் அப்படியே, அதற்கடுத்த கதவிலும். நடைமேடை நெடுகிலும் மனிதர்கள் ஓடாமல், மூச்சிரைக்காமல், சிரித்த முகத்தோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் பலித்ததைத் தடமதி ஊருக்கே பரிமாறத் தொடங்கியிருந்தது.

அந்தப் பொய்யைக் கற்பித்தவர் யாரென்று அவருக்குத் தெரியும். நாளைக்கு முதல் வேலையாக இதை நீக்கிவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே உள்ளே கால் வைத்தார். அவரைக் கேளாமலே அவர் கை கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

தடமதி அதையும் எண்ணிக்கொண்டது.