வீட்டுக்குப் போகக் கேட்காதவர்கள்

அந்த முதியோர் இல்லத்தில் யாரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கவில்லை. மஞ்சுளாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

அதற்கு முன் மூன்று இல்லங்கள் பார்த்துவிட்டாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கிழவி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு கண்ணு, ஊட்டுல கொண்டு போயி உட்டுரு" என்று அழுதாள். இன்னோர் இடத்தில் ஃபினாயில் மணத்துக்கு அடியில் மூத்திர வாடை. கட்டில் கம்பியோடு வேட்டித் துணியால் கட்டிய மணிக்கட்டுகள். எங்கே போனாலும் பொழுது சாயத் தொடங்கியதும் அந்தப் புலம்பல் கிளம்பிவிடும். நினைவு தப்பியவர்களுக்கு அந்த வேளையில் வரும் தவிப்பு அது. அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டிலேயே தினமும் நடப்பதுதான்.

அப்பா பாலசுந்தரம் மாலை ஐந்தரைக்குத் துண்டில் இரண்டு சட்டைகளைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "ஊட்டுக்குப் போலாம். சாரதா காத்துட்டிருப்பா." அம்மா சாரதாமணி செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை அவள் காத்துக்கொண்டேதான் இருந்தாள். ரிக் வண்டியில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஆழ்துளைக் கிணறு போடப் போய்விட்டு, வருடத்துக்கு நாற்பது நாள் வீடு தங்கிய மனிதர். மனைவி சாகும்போதுகூட பக்கத்தில் இல்லாதவர். இப்போது தினமும் அவளிடம் போகத் துடித்தார். சொந்த வீட்டிலிருந்தே கிளம்பத் துடித்தார். ஒரு நாள் பைபாஸ் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவரை யாரோ தூக்கி வந்தார்கள். அதற்கப்புறம் மஞ்சுளா கதவைப் பூட்டினாள். அவர் அடித்தார். மூன்றாம் முறை அடித்தபோது அவளும் திருப்பி அடித்துவிட்டாள். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "ஏன் சிஸ்டர் அடிக்கறீங்க?" என்று கேட்டார். மகளை அவருக்கு அடையாளம் தெரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த இரவுதான் ஓசூரில் இருக்கும் தம்பி சிவபிரகாஷிடம் பேசினாள். "நீயே பாத்து முடிவு பண்ணுக்கா. எதுன்னாலும் எனக்குச் சம்மதம்" என்றான். சம்மதம் சொல்வது எப்போதுமே அவனுக்குச் சுலபம்.

இப்படித்தான் அவள் சேந்தமங்கலத்துக்கு அப்பால், கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள். புதுக் கட்டடம், அகலமான வராந்தா, துவைத்து வெயிலில் காய்ந்த துணியின் மணம். பதினோரு முதியவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டுக்குப் பூட்டில்லை. யாரும் அதன் பக்கம் பார்க்கவுமில்லை. எல்லா நாற்காலிகளும் கொல்லைப்புறம் பார்த்தே போடப்பட்டிருந்தன.

நாமக்கல்லில் இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவள் மஞ்சுளா. தூக்க மாத்திரை கொடுத்து ஒடுக்குகிறார்கள் என்றே நினைத்தாள். மருந்துச் சீட்டுகளைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தவிர ஒன்றுமில்லை. அவர்கள் கண்களும் தெளிவாக இருந்தன.

"என்ன குடுக்கறீங்க இவங்களுக்கு?" என்று நேராகவே கேட்டாள்.

இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜானகியம்மாள், அறுபதைத் தாண்டியவள், சிரித்தாள். "ஒண்ணும் குடுக்கறதில்லைங் அம்மிணி. ஊட்டுக்குப் போகோணும்கறாங்க. போயிட்டு வாங்கன்னு உட்டுர்றோம். அவ்வளவுதான்."

கொல்லையில் ஒரு பழைய ஓட்டு வீடு நின்றது. ஒரே அறை, இருபதடி நீளம் இருக்கும். நிலத்தை வாங்கியபோதே இருந்ததாம்.

"இடிக்கறதுக்குத்தான் இருந்தோங்க. ஒரு பெரியவரு, அழுதுட்டே இருப்பாரு, அவரு ஒரு நாள் அதுக்குள்ள போயிட்டு வந்தாரு. அப்புறம் அழவே இல்லை. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டோம்."

ஐந்தரைக்கு, யாரும் கூப்பிடாமலே, பதினோரு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். நடக்க முடியாதவரை இன்னொருவர் தாங்கிக்கொண்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். அரை மணி நேரத்தில் ஈரக் கைகளைத் துடைத்தபடி திரும்பி வந்தார்கள். மல்லசமுத்திரத்துக் கருப்பண்ணன் என்பவர் மஞ்சுளாவைப் பார்த்துக் குழந்தைபோலச் சிரித்தார். "எங்கம்மா களி போட்டா. வயிறு ரொம்பிப் போச்சு சாமி."

உள்ளே யாராவது ஆயா இருந்து அம்மா போலவும் மனைவி போலவும் நடிப்பாள் என்று மஞ்சுளா தீர்மானித்துக்கொண்டாள். நல்ல யோசனை என்றுகூடத் தோன்றியது. உள்ளே எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் மறுக்க ஏதாவது காரணம் கிடைத்துவிடும். அவளுக்கு அன்று காரணம் வேண்டியிருக்கவில்லை, தூக்கம்தான் வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

முதல் வாரம் முழுக்கத் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை போனபோது அப்பா நாற்காலியில் கொல்லைப்புறம் பார்த்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படியோர் அமைதி. "சாரதா கோவிச்சுக்கவே இல்லைங்க சிஸ்டர்" என்றார். மஞ்சுளாவுக்குச் சுருக்கென்றது. மன்னிக்க வேண்டியவள் செத்துப்போன பிறகு, யாரோ ஒரு சம்பளக்காரி அவரை மன்னித்துக்கொண்டிருந்தாள்.

இருபதாம் நாள் மருந்து கொடுக்கப் போனவள் எடைப் பதிவைப் புரட்டினாள். சேர்த்த அன்று ஐம்பத்தெட்டு கிலோ. இப்போது நாற்பத்தேழு. அப்பாவின் சட்டைக்குள் தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"சாப்பிடறதில்லையா இவரு?"

"வயிறு ரொம்பிருச்சுன்னு சொல்றாருங்க" என்றாள் ஜானகியம்மாள். "எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க."

"கருப்பண்ணன் எங்கே? காணோமே."

"ஊட்டுக்குப் போனாருங்க. திரும்பி வரலை."

"எந்த ஊட்டுக்கு? மல்லசமுத்திரத்துக்கா?"

ஜானகியம்மாள் கொல்லைப்பக்கம் பார்த்தாள். "அவரு மகனும் வந்து சத்தம் போட்டாருங்க. நீங்களே உள்ள போயிக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். போனாரு."

அவள் வேலிப் பக்கம் கை காட்டினாள். மஞ்சுளா ஜன்னல் வழியே பார்த்தாள். வேலியோரம் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கண்ணாடி தெரியாத அளவுக்குத் தூசி. வைப்பரில் சருகுகள்.

மணி ஐந்தே முக்கால். அவள் கவனிக்காமலே வராந்தாவில் நாற்காலிகள் காலியாகியிருந்தன.

தம்பிக்குப் போன் செய்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவன் ஒன்றே ஒன்று கேட்டான். "அப்பா நிம்மதியா இருக்காருல்லக்கா?"

"இருக்காரு."

"அப்புறம் என்ன? உடு."

அவள் போனை அணைக்காமலே பையில் போட்டுக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டிருந்தது. காற்று நின்றுபோயிருந்தது, கரும்புக் காட்டில் ஒரு தோகைகூட அசையவில்லை. ஓட்டு வீட்டு வாசலில் செருப்புகள். பதினோரு ஜோடி இருக்க வேண்டும். சுவரோரமாக அவை குவிந்து கிடந்தன, முப்பதோ நாற்பதோ ஜோடி, மழையில் ஊறி வெயிலில் வெடித்தவை, கரையான் ஏறியவை. மேலாக, கறுப்பு ஷூ ஒரு ஜோடி. நடுவயதுக்காரன் போடுகிற ஷூ.

உள்ளிருந்து மணம் வந்தது. அரிசியும் பருப்பும் ஒன்றாகக் குழைந்து, பூண்டு தட்டிப் போட்டு, நெய் விட்ட மணம். அம்மாவின் கைமணம் அது. அதைச் சமையலில் கொண்டுவர மஞ்சுளா எத்தனையோ முறை முயன்று தோற்றிருக்கிறாள்.

அப்புறம் குரல்.

"இன்னும் ரண்டு வாய் வாங்கிக்குங்க மாமா."

அம்மாவின் குரல். சந்தேகமே இல்லை. ஆனால் அம்மா அவரிடம் அப்படிக் கொஞ்சிப் பேசியதே கிடையாது. ஒரு நாளும் கிடையாது.

அவள் கதவைத் தள்ளினாள்.

விளக்கில்லை. அடுப்பில்லை. கண் பழக நேரமானது. தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு தட்டு. தட்டுகள் காலி. கழுவி வைத்ததுபோல் காலி. அப்பா கிட்டத்திலேயே இருந்தார். அவரைத் தாண்டி மற்றவர்கள். அவர்களைத் தாண்டிக் கருப்பண்ணன், எலும்பும் தோலுமாக. அவர் பக்கத்தில் பேன்ட் சட்டையில் ஒருவன். அதற்கப்புறமும் ஆட்கள். இருபதடி வீடு. வரிசை அதைத் தாண்டியும் இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் வாய் திறந்திருந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் மேல் ஒன்று குனிந்திருந்தது. முதுகு தெரிந்தது. அம்மாவின் முதுகு. அம்மாவின் கொண்டை.

அதன் கை அவர் வாய்க்குள் இருந்தது. மணிக்கட்டு வரை.

ஊட்டவில்லை. எடுத்துக்கொண்டிருந்தது.

அவர் தொண்டை ஏறி இறங்கியது. கை மெதுவாக, பக்குவமாக, எதையோ தேடித் துழாவியது. கண்டுபிடித்தது. இழுத்தது. அப்பாவின் கண்கள் அவள் பக்கம் திரும்பின.

ஒரு வருடமாக இல்லாத பார்வை. தெரிந்துகொண்ட பார்வை.

அந்தக் கை வாய்க்குள் இருக்கும்போதே அவர் தெளிவாகச் சொன்னார். "மஞ்சு."

அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கை வெளியே வந்தது. அவர் கண்கள் அணைந்தன. சிரிப்பு அப்படியே இருந்தது.

குனிந்திருந்தது நிமிரவில்லை. திரும்பவில்லை. கையை மட்டும் வாயில் வைத்துச் சப்பியது. ருசி பார்த்தது.

"மஞ்சு" என்றது, அம்மாவின் குரலில். "கை கழுவிட்டு வா கண்ணு."

வரிசை முழுவதும், அப்பாவிலிருந்து இருட்டின் கடைசிவரை, ஒரே நேரத்தில் சற்று நகர்ந்து, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டது.