படுக்காத வம்சம்

"காய்ச்சல்னு படுத்தவன் எங்க வம்சத்துலயே கிடையாது!"

லிஃப்ட் மெக்கானிக் இதைக் காலை ஏழு மணிக்கு, பல் துலக்கிய கையோடு, சத்தியப் பிரமாணம் போல அறிவித்தார். பொய் என்று சொல்ல முடியாது. அவருடைய அப்பா காய்ச்சலில்தான் போனார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார்.

அவர் மனைவி மகளின் கணுக்காலில், அறுவை சிகிச்சைத் தழும்பை மறைத்துக் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்தாள். டைஃபாய்டும் எலும்பு முறிவுமாகச் சேர்ந்து மூன்று மாதம் தின்ற கால் அது. பத்தாம் வகுப்புக்குத் திரும்பி இன்றோடு நாலாம் நாள். வகுப்போ இரண்டாவது மாடியில். பெண் எப்போது சரிவாளோ என்று, தையல் கடை வேலையை விட்டுவிட்டு, பள்ளி வாசல் சிமெண்ட் பெஞ்சிலேயே கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறாள் அம்மா.

"இன்னிக்கும் போய் உட்காரப் போறியா? வாட்ச்மேனுக்கு லீவு குடுத்துட்டாங்களா?"

"படியேறுறப்ப அவளுக்கு மூச்சு வாங்குதுங்க..."

"நீ வாசல்ல உட்கார்ந்தா மூச்சு வந்துடுமாக்கும்!"

அவருடைய அக்காவுக்கு இதற்காகத்தான் பொழுதே விடிந்திருந்தது. "இப்பக் காவல் காத்து என்ன புண்ணியம்? அன்னிக்கு நூத்திமூணு டிகிரி காய்ச்சலோட பரீட்சைக்குத் துரத்தி விட்டாளே, அப்ப எங்க போச்சு இந்தப் பாசம்? பள்ளிக்கூடப் படியில மயங்கி உருண்டு காலை ஒடிச்சுக்கிட்டுதே புள்ள... பெத்த வயிறா இது!"

மூன்று மாதமாகத் தினம் ஒருவேளை, சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, இந்த மருந்து அம்மாவுக்குப் புகட்டப்பட்டு வந்தது. அவளும் முகம் சுளிக்காமல் விழுங்கினாள்.

இன்று மகள் ஊன்றுகோலைத் தரையில் ஓங்கி அடித்தாள்.

"அம்மா அனுப்பல அத்தை! போகாதேன்னு கதவை மறிச்சு நின்னாங்க. அப்பாதான்... புத்தகப் பையை மாட்டி, நம்ம மாடிப்படியில மூணு தடவை ஏறி இறங்கச் சொன்னாரு. லோடு டெஸ்ட்டாம்! லோடோட ஓடினா லிஃப்ட்ல கோளாறு இல்லையாம்... 'பாஸ், கிளம்பு'ன்னாரு!"

"வாயை மூடுடி!" அம்மா பதறினாள்.

"அடிப்பாவி... ஏன்டி சொல்லல?" அத்தை தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல அவர் சுவத்துல நெத்தியை முட்டிக்கிட்டு நின்னதைப் பார்த்தேன் அண்ணி... அதுக்கு மேல நாலு பேர் கேட்டா மனுஷன் தாங்கமாட்டார்னு தோணுச்சு. நான்தான் அனுப்பினேன்னு சொல்லிட்டேன்..."

மெக்கானிக் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

அத்தை தம்பி மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூன்று மாதப் பேச்சை ஒரே அழுகையில் கழுவ வேண்டியிருந்ததால், பள்ளிக்குக் கிளம்பத் தாமதமாகிவிட்டது.

மகளை உள்ளே அனுப்பிவிட்டு அம்மா திரும்பினாள். சிமெண்ட் பெஞ்சில் ஆள் இருந்தது. மடியில் கருவிப் பை.

"இந்தப் பக்கம் ஒரு சர்வீஸ்..." என்றார் மெக்கானிக்.

அந்தத் தெருவில் மாடிக் கட்டடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதில் லிஃப்ட் கிடையாது.

"நீ தையல் கடைக்குப் போய்க் கேட்டுப் பாரு... திரும்பச் சேர்த்துக்குவாங்க. நான் இருக்கேன்."

அவள் போகவில்லை. உள்ளே ஊன்றுகோலின் ஓசை படியேறத் தொடங்கியது. அவர் உதடுகள் அசைந்தன, எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்றிலோ பன்னிரண்டிலோ ஓசை நின்றது. மெக்கானிக் விருட்டென்று எழுந்தார்.

நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, டொக்.

அவர் மெல்ல உட்கார்ந்தார், அவளுக்கும் கொஞ்சம் இடம் விட்டு.