எதிர்வீட்டுக் கண்ணாடி

அந்தத் தெருவில் அவர்கள் வந்து இறங்கியபோது நல்ல வெயில். பயப்படும்படி அங்கே ஒன்றும் இல்லை. குறுகலான தெரு, காரை பெயர்ந்த மாடி வீடுகள். பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. அவற்றில் எதிரெதிராக நின்ற இரண்டு வீடுகளை உளவுத்துறை எடுத்திருந்தது. ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, எதிர்வீட்டு மாடியில் பேசுவதைக் கேட்க வேண்டும். அதற்கான கருவியைச் சோதித்துச் சரிசெய்து முடிப்பதுதான் வேலை.

எதிர்வீட்டு மாடியறைக் கதவைத் திறந்தபோது உள்ளே வேறு மாதிரியான குளிர் இருந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாசனை. அதற்கடியில், வெகுநேரம் மூடியே இருந்த வாய் திறக்கும்போது வருமே, அப்படி ஒரு வாசனை.

"எலி செத்திருக்கும் மேடம்," என்றார் கூட வந்த டெக்னீஷியன். "நாம பேசற பேச்சைக் கேட்டு நொந்துபோய்ச் செத்திருக்கும்."

"நீங்க பேசற பேச்சைன்னு சொல்லுங்க," என்றாள் அவள்.

அவர் வாய் ஓயாது. அலுவலகத்தில் அவருக்கு 'ரேடியோ' என்றே பெயர். காலையில் வயர் இழுக்க ஆரம்பித்தால், வயரோடும் பேசுவார், ஆணியோடும் பேசுவார். மனைவி இறந்த சில வாரங்கள் மட்டும் அந்த ரேடியோ ஓடவில்லை. இப்போது பழையபடி ஓடியது. கொஞ்சம் கூடுதலாகவே ஓடியது. நிறுத்தினால் எதையோ கேட்க வேண்டியிருக்கும் என்று பயந்தவரைப் போல.

அவள் ஒலிப்பொறியாளர். ஓர் அறையில் யாராவது பேசினால் ஜன்னல் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாமல் அதிரும். அவள் வடிவமைத்த கருவி, தெருவுக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு லேசர் கற்றையை அந்தக் கண்ணாடிமேல் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் நடுக்கத்தைப் பேச்சாக மாற்றும். அவள் எழுதிய மென்பொருள் அந்தப் பேச்சைப் பிரித்து, ஒவ்வொரு குரலுக்கும் ஓர் அடையாள எண் போட்டு, அது யாருடையது என்று திரையில் காட்டும்.

எதிர்வீட்டில் பேசத்தான் ஆள் இல்லை. அதனால் மாடியறை நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் ஒரு ஸ்பீக்கரை வைத்தார்கள். துறை பல வருஷமாக ஒட்டுக்கேட்டுச் சேர்த்த தொலைபேசிப் பேச்சுகள் அதில் ஓடின. யார் யாரோ. புருஷன் பெண்டாட்டிச் சண்டை, காதலர்களின் கொஞ்சல், வியாபாரப் பேரம், சாவுச் செய்தி. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை ஓடும்.

வாரக்கணக்கில் அந்தக் காலி அறை ஊர்ப்பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தது.

கருவி ஓரளவு தேறியதும் இயக்குநர் போன் செய்தார். "ஒரு நாள் எல்லாத்தையும் நிறுத்திட்டு, வெறும் ரூமைக் கேளுங்க. அந்த இரைச்சலைக் கழிச்சாதான் பேச்சு சுத்தமா வரும்."

மறுநாள் வானம் மூட்டமாக இருந்தது. ரேடியோ எதிர்வீட்டுக்குப் போய் ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியோடு திரும்பி வந்தார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. சுவர்களுக்கே உரிய மெல்லிய இரைச்சல். தூரத்தில் ஒரு லாரி போனது. கண்ணாடி லேசாக முனகி அடங்கியது.

பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவள் நிமிர்ந்து எதிர் ஜன்னலைப் பார்த்தாள். வெறும் அறை. நாற்காலி. அதன்மேல் ஸ்பீக்கர். பிடுங்கிய வயர் தரையில் சுருண்டு கிடந்தது.

"ஹலோ." ஓர் ஆண்.

"ஹலோ?" இப்போது ஒரு வயதான பெண்.

"ஹலோ..." ஒரு குழந்தை.

அடுத்து ஒரு சிரிப்பு. ஒருவர் சிரிப்பாகத் தொடங்கி, பாதியில் வேறொருவர் சிரிப்பாக முடிந்தது. திரையில் அடையாள எண்கள் மாறி மாறி ஓடின. துணிக்கடையில் ஒவ்வொரு சட்டையாகப் போட்டுப் பார்ப்பார்களே, அதுபோல அங்கே யாரோ ஒவ்வொரு குரலாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, ஸ்பீக்கர் ஓடுது."

"எப்படி ஓடும் மேடம்? என் கையால பிளக்கைப் புடுங்கிப் போட்டேன்."

"ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். சிறிது நேரத்தில் எதிர் ஜன்னலில் தெரிந்தார். ஸ்பீக்கரைத் தூக்கி, வயரை ஆட்டிக் காட்டினார். கைகளை விரித்தார்.

"யாரும் இல்ல மேடம்," என்று அவர் சொன்னது ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது.

"யாரும் இல்ல மேடம்."

இரண்டாவது குரல் குழந்தையுடையது.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ரேடியோ அறை நடுவில் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கருவி பொய் சொல்லாது. அந்த இரண்டாவது குரல் அவரைவிடக் கண்ணாடிக்கு அருகில் இருந்தது. கண்ணாடியில் வாய் வைத்துப் பேசும் அளவுக்கு அருகில்.

அவள் செல்போனில் கூப்பிட்டாள். "அண்ணா, உடனே வெளிய வாங்க. எதுவும் பேசாதீங்க. வாங்க."

அவர் கதவைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கினார். அதற்குள் திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் நின்றுவிட்டன. அவரைப் பார்த்த பிறகு அது வேறு குரல்களைப் போட்டுப் பார்க்கவில்லை. ஒரே குரலில் நின்றது.

"என்னங்க... மழை வர மாதிரி இருக்கே. துணியை எடுத்தீங்களா?"

நடுத்தர வயதுப் பெண்ணின் குரல். கொஞ்சம் மூச்சுத் திணறல். அவள் அந்த எண்ணைத் தட்டித் திறந்தாள். திரையில் ஒரு வரி வந்தது: ஊழியர் வீட்டுத் தொலைபேசி. டெக்னீஷியன். மனைவி.

படித்து முடித்து மூடுவதற்குள் பின்னால் மாடிப்படி முனகியது. ரேடியோ நின்றிருந்தார். திரையைப் படித்துவிட்டார்.

"எங்க வீட்டு போனையும் கேட்டாங்களா மேடம்?"

"எனக்குத் தெரியாது அண்ணா. சத்தியமா தெரியாது."

அவள் இயக்குநரைக் கூப்பிட்டாள். அவர் கொட்டாவி விட்டபடியே பேசினார். "எல்லார் வீட்டையும்தான் கேக்கறோம். உங்க வீட்டையும்தான். வேலைக்குச் சேரும்போது சம்மதிச்சுதானே சேர்ந்தீங்க? எல்லாமே அந்த டேப்புலதான் இருக்கு. அதை விடுங்க, ரூம் டெஸ்ட் என்னாச்சு?"

அவள் திரும்பிப் பார்த்தபோது ஹெட்போன் ரேடியோவின் காதில் இருந்தது. அவர் முகம் அப்படி இளகி அவள் பார்த்ததில்லை.

"கூப்பிடறா," என்றார்.

"அது அக்கா இல்ல அண்ணா. நாம போட்ட டேப்பைக் கேட்டுக் கத்துக்கிட்டு எதுவோ பேசுது. கழட்டுங்க."

"இருக்கட்டும் தங்கச்சி." வேலையிடத்தில் ஒருநாளும் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "எது பேசினா என்ன? இந்தக் குரலைக் கேக்க மாட்டோமான்னு ஏங்கிப்போயிருக்கேன்."

அவர் ஹெட்போனை மேசையில் வைத்தார். சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார். அவள் பின்னாலேயே ஓடினாள். தெருவைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் எதிர்வீட்டு வாசல்கதவு உள்பக்கம் தாழிடப்பட்டுவிட்டது. தட்டினாள். உதைத்தாள். கதறினாள். மேலே காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. தூறல் விழத் தொடங்கியது.

கதவை உடைக்க ஏதாவது வேண்டும். அவள் மறுபடி தங்கள் மாடிக்கு ஓடினாள். கருவிப்பெட்டியில் இரும்புக் கம்பியைத் தேடும்போது, மேசைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து பேச்சு கசிந்தது. கம்பியைக் கையில் எடுத்துவிட்டாள். இருந்தும் ஒரு நிமிஷம் கேட்டாள்.

"நீதானா?"

"நான்தாங்க. சாப்பிட்டீங்களா?"

"என்னத்த சாப்பிட. உப்பு இருந்தா உறைப்பு இல்ல, உறைப்பு இருந்தா உப்பு இல்ல."

"பேசுங்க. உங்க பேச்சைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு."

அவர் பேசினார். ஒழுகும் குழாயைப் பற்றி, மகளின் மாமியாரைப் பற்றி, காலியான கட்டிலைப் பற்றி. நடுநடுவே அழுதார். ஒவ்வொரு முறை அவர் நிறுத்தும்போதும் அந்தக் குரல் மெதுவாகத் தூண்டியது.

"இன்னும் பேசுங்க."

திரையில் இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று அவருடைய குரலின் பலம். அது தேய்ந்துகொண்டே வந்தது. மற்றது பருத்துக்கொண்டே வந்தது.

"இன்னும்."

பெண்குரல் நின்றுபோனது. இப்போது ஒரே குரல்தான் கேட்டது. ரேடியோவின் குரல். மகள் பிறந்த கதையை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் தலையை நிமிர்த்தி எதிர் ஜன்னலைப் பார்த்தாள். அவர் கண்ணாடியை ஒட்டி அவளைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

அவர் வாய் மூடியிருந்தது.

பேச்சு நிற்கவில்லை.

அவள் ஓடினாள். கம்பியைத் தாழ் இருந்த இடத்தில் கொடுத்து நெம்பினாள். பழைய மரம் பிளந்தது. படியேறும்போது ஒன்றை மட்டும் முடிவு செய்துகொண்டாள். என்ன நடந்தாலும் அந்த அறைக்குள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதற்குத் தன்னுடைய குரல் கிடைக்கக் கூடாது.

அறைக்குள் மூச்சு வெண்புகையாக வந்தது. அந்த வாய் வாசனை இப்போது தாங்க முடியவில்லை. பேச்சுச் சத்தம் இல்லை. ஏதோ ஒன்று மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் வாய் திறப்பதற்காகக் காத்திருக்கும் அமைதி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ரேடியோவின் கையைப் பற்றி இழுத்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. அவர் வந்தார். குழந்தையைப் போல, இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தார்.

தெருவில் மழையில் நின்றபின்தான் அவள் பேசினாள். "அண்ணா, ஒண்ணும் ஆகல. வந்துட்டோம். ஏதாவது சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். தொண்டை அசைந்தது. நரம்பு புடைத்தது.

காற்றுகூட வரவில்லை.

மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அதிர்ச்சியாக இருக்கும், போகப் போகச் சரியாகும் என்றார்கள். மகள் வந்து அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

இயக்குநர் அன்றைய பதிவைத் தனியாக உட்கார்ந்து கேட்டார். வெளியே வந்தபோது அவர் கண்கள் பளபளத்தன. "செத்துப்போன ஆளோட குரல்ல பேசுது. கேட்டா பதில் சொல்லுது. எதிராளியைப் பேச வைக்குது. இதைச் செய்யத்தானே நாம இத்தனை வருஷமா முட்டிக்கிட்டு இருக்கோம்?"

"சார், அது நாம செஞ்சது இல்ல."

"யார் செஞ்சா என்ன? வேலை நடக்குதா இல்லையா?"

அந்த அறைக்கு ஒரு தொலைபேசி இணைப்பு கொடுக்க ஏற்பாடாகிறது என்று அவள் கேள்விப்பட்டாள். அன்றே வேலையை விட்டாள்.

அதன்பிறகு அவள் அடிக்கடி ரேடியோவைப் பார்க்கப் போனாள். ஒரு நாள் மதியம் போய்ச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். மகள் டிவியைக்கூட நிறுத்தி வைத்திருந்தாள். அதில் யாராவது பேசினால் அவர் காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாராம். கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. எதையோ சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினார்.

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கணவர் ஈரத் துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்ல சேதி போ! அண்ணனுக்குக் குரல் வந்துடுச்சே."

செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றாள். "யார் சொன்னா?"

"அவரே போன் பண்ணினாரே. மூணு மணி இருக்கும். பழையபடி லொடலொடன்னு ஒரே பேச்சு. வீட்டுக்கு வரேன்னாரு. அட்ரஸ் கேட்டாரு."

ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. கண்ணைக் கட்டி விட்டாலும் வந்து சேர்ந்துவிடுவார்.

"அவருக்கு நம்ம அட்ரஸ் தெரியாதா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சொல்லிட்டீங்களா?"

"எனக்கும் இடிச்சுது. என்னண்ணா இப்படிக் கேக்கறீங்கன்னு சிரிச்சேன். அதுக்குள்ளதான் நீ அவர்கிட்டேருந்து போனை வாங்கிட்டியே."

"நானா?"

கணவர் கொடியில் ஒரு சட்டையை மாட்டிவிட்டுத் திரும்பினார். "என்ன இப்படி முழிக்கற? 'அண்ணனுக்கு எல்லாம் மறந்துபோச்சுங்க, பாவம். கதவு நம்பரையும் சேர்த்துச் சொல்லுங்க'ன்னு நீதானே சொன்ன?"