கவுரே வாயை மூடிய பிறகு

அந்தப் பழைய வீட்டுக்கு நிமியா குடிவந்தபோது அவளோடு வந்தவை ஒரு தையல் இயந்திரம், நான்கு வயது மகள் அராசெலி, கவுரே என்ற பழுப்பு நாய். கணவன் எலாதியோ பராகுவாய் ஆற்றில் சரக்குப் படகோடு போனால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. கொன்செப்சியோன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வீடு கிடைத்ததே பெரிது.

முதல் நாள் மதியமே நாய் குரைக்கத் தொடங்கியது.

வெயிலுக்குப் பயந்து ஊரே கதவடைத்துத் தூங்கும் நேரம். வீட்டின் நீண்ட நடைகூடத்தின் ஒரு கோடியில் நிமியா தைத்துக்கொண்டிருந்தாள். மறு கோடியில் மகள் தூங்கும் அறை. நடுவில் நின்று கவுரே நிமியாவைப் பார்த்துக் குரைத்தது. முற்றத்துக்கு ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும், ஓடிவந்து மறுபடி குரைக்கும். விளையாடக் கூப்பிடுகிறது என்றுதான் அவள் நினைத்தாள். அதட்டினாள். துடைப்பத்தை ஓங்கினாள். எதற்கும் அடங்கவில்லை. தினமும் இதே கூத்து.

அடுத்த வீட்டு அம்மாள் ஞா தெயிதாமியா வேலியோரம் வந்து நின்றாள். அவள் கணவனுக்கு இதய நோய். மதியத் தூக்கம் கெட்டால் மூச்சு வாங்கும். "ஒண்ணு நாய் போகணும், இல்ல நீ போகணும் பொண்ணே. வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். நாயை விட்டுவிடலாமா என்று கேட்டதற்கே அராசெலி அழுது அழுது வாந்தி எடுத்தாள்.

சந்தைப் பக்கத்துக் கால்நடை வைத்தியர் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"நீங்க தன்னைக் கவனிக்கணும்னு கத்துது. திட்டினாலும் அதுக்குக் கவனிப்புதான். பாக்காதீங்க, பேசாதீங்க, முதுகைக் காட்டி உக்காருங்க. வாயை மூடினதும் ஒரு துண்டு கறி போடுங்க."

அப்படியே செய்தாள். முதலில் குரைப்பு இன்னும் வெறிகொண்டது. நாயின் குரலே கம்மிப்போனது. நிமியா சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்கழுத்தில் ஈரக் களிமண் வாடையோடு ஏதோ குளிர்ச்சி பட்டபோதும் திரும்பவில்லை.

ஒரு மதியம் கவுரே ஓய்ந்தது. கறித் துண்டை வாங்கிக்கொண்டு காலடியில் சுருண்டு படுத்தது. அதன் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில்.

அந்த அமைதியில்தான் மகளின் குரல் கேட்டது.

யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு கூட பேசறே செல்லம்?"

"உசரமா இருக்காரே, அவரு கூட. இவ்ளோ நாளா கவுரேயையே பாத்துக்கிட்டிருந்தாரும்மா. அது கத்திக் கத்திக் கூப்பிடும்ல. இப்போ என்னையப் பாக்கறாரு."

அறையில் யாருமில்லை. களிமண் வாடை மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து குழந்தை உணவைத் தொடவில்லை. கண்ணைத் திறந்தபடியே தூங்கினாள். கைகால் சில்லிட்டுக் கிடந்தன. ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். எலாதியோவின் போன் ஆற்றுக்கு நடுவில் எங்கோ எடுக்கப்படாமல் கிடந்தது.

நிமியாவுக்குப் புரிந்துவிட்டது. நாய் கூப்பிட்டது அவளை அல்ல.

நடையில் கவுரே முன்னால் மண்டியிட்டாள். "குரைடா. கெஞ்சிக் கேக்கறேன், ஒரு தடவை குரைடா." அதன் காதருகே கை தட்டினாள், தரையை உதைத்தாள். கவுரே அவள் கையையே பார்த்தது, கறி வருமென்று. பழக்கியது பழக்கியதுதான்.

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

அராசெலி படுக்கையில் எழுந்து நின்றிருந்தாள், தூக்கச் சொல்லிக் கேட்பதுபோல் இரண்டு கைகளையும் உயர்த்தி.

அவள் குதிகால்கள் விரிப்பில் இல்லை.

விரல் நுனிகளும் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தன.

நிமியா பாய்ந்து இடுப்பைப் பிடித்து இழுத்தாள். மேலிருந்து இழுத்தது அவளைவிட வலுவாக இழுத்தது.

பிடியை விட்டாள். நாலு காலில் விழுந்தாள். தொண்டை கிழியக் குரைத்தாள்.

முற்றத்தை நோக்கி ஓடினாள், நின்று திரும்பிப் பார்த்தாள், மறுபடி ஓடிவந்து குரைத்தாள். முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது. வேலிக்கு அப்பால் ஞா தெயிதாமியா வாயில் கை வைத்து நின்றதை அவள் பார்க்கவில்லை.

தொப்பென்று ஏதோ விழுந்தது. குழந்தை வீரிட்டு அழுதாள்; உயிருள்ள குழந்தையின் அழுகை.

சுட்டெரிக்கும் வெயிலில், நிமியாவின் முதுகு முழுவதும் ஈரம்போலக் குளிர்ந்தது.

அன்று மாலையே தங்கையின் கணவன் வண்டி கொண்டுவந்தான். வழியிலேயே அராசெலி பசிக்கிறது என்று கேட்டுச் சீபா ரொட்டி முழுவதையும் தின்றாள். ஓர்கெத்தாவில் தங்கை வீட்டு முற்றம் நிறைய நாய்கள். யார் வந்தாலும் ஊரைக் கூட்டும் நாய்கள்.

குழந்தையும் கவுரேயும் இறங்கி ஓடினார்கள். நாய்கள் வாலாட்டிக் குரைத்துச் சுற்றிச் சுற்றி வந்தன.

பிறகு நிமியா இறங்கினாள்.

ஒரு நாயும் சத்தம் போடவில்லை. எல்லாமே வயிறு மண்ணில் பட ஒடுங்கிப் படுத்து, அவள் தலைக்கு மேலே, இன்னும் மேலே, எதையோ அண்ணாந்து பார்த்தன.