அம்மாவுக்கு ஒரு பனிக்கால ஷூ

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மதுரை வெயிலில், உள்ளே முழுக்க ரோமம் வைத்த ஷூ வாங்க யாராவது சந்தோஷமாகக் கிளம்புவார்களா? அப்பா கிளம்பினார். விசில் வேறு!

என் அம்மா ஆனிமேரி ஒரு நர்ஸ். ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. சர்ச்சில் புது வருசப் பூசை முடிந்த மறுநாள் விமானம். அங்கே இப்போது பனி கொட்டுகிறதாம். அப்பாவும் நானும் இங்கேயே இருக்க வேண்டுமாம். என்னை யாரும் கேட்கவில்லை.

பழங்காநத்தத்தில் மலையாண்டி அண்ணனின் செருப்புக்கடைக்குப் போனோம். கொடைக்கானல் போகிறவர்களுக்காக வாங்கி வைத்திருந்த ஷூக்களை அவர் எடுத்துப் போட்டார். செருப்பு வாங்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, வைகையில பனிக்கட்டி மெதக்குதா?" என்றார். கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அம்மா வெறுங்காலில் ஷூவை மாட்டினாள். எங்கள் ஊரில் எதையும் வெறுங்காலில்தான் போட்டுப் பார்ப்போம்.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு!" என்றார் அப்பா.

"சிக்குனு இருந்தாத்தேண்ணே குளிர் ஏறாது," என்றார் மலையாண்டி அண்ணன். "பெட்டியில போட்டுரவா?"

அது தப்பு என்று எனக்குத் தெரியும். போன டிசம்பரில் பள்ளியிலிருந்து கொடைக்கானல் போனபோது, தடிமனான சாக்ஸ் போட்டுக்கொண்டு இறுக்கமான ஷூவுக்குள் காலைத் திணித்தேன். விரலெல்லாம் மரத்துப்போய்விட்டது. மற்றவர்கள் ஏரியைச் சுற்ற, நான் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. கால் வலித்தால் அம்மா திரும்பி வந்துவிடுவாள் அல்லவா?

வரமாட்டாள். வலியோடு நின்றுகொண்டே வேலை பார்ப்பாள். இங்கேயும் அப்படித்தான். டூட்டி முடிந்து வந்ததும் நான்தான் கால் பிடித்துவிடுவேன். அங்கே யார் இருக்கிறார்கள்?

"அண்ணே, பெட்டியில போட்டுராதீங்க," என்றேன். "அம்மா, நேத்து வாங்குன கம்பளி சாக்ஸ் பையில இருக்குல்ல? அதைப் போட்டுக்கிட்டு மாட்டிப் பாரு."

"இந்த வேக்காட்டுலயா?"

"அங்க போய் வெறுங்காலோடயா போடப் போற?"

அம்மா சாக்ஸோடு காலை நுழைத்தாள். பாதிகூடப் போகவில்லை. மலையாண்டி அண்ணன் தலையைச் சொறிந்தார். "அட, பாப்பா சொல்றது நெசந்தேன்!" என்று ஒரு சைஸ் பெரியதைக் கொண்டுவந்தார்.

"விரலை ஆட்டிப் பாரு. ஆடுதா? இப்ப நட. குதிகால் நழுவுதா?" என்று கேட்டேன்.

"இல்லடி." அம்மா கடைக்குள்ளேயே நடந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. "அம்புட்டு மெத்துனு இருக்கு ஆன்சி!"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா பதறிப்போய் என் முன்னால் உட்கார்ந்தாள். "ஏன்டி அழுகுற? சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கும்மா," என்றேன். "அதான் அழுகையா வருது."