பூங்காவனம் சொன்ன சாட்சி

அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பூங்காவனம் தட்டில் வைத்ததும் மாமியார் அஞ்சலை அதை ஒதுக்கித் தள்ளினாள்.

"புருஷனை உள்ள தள்ளினவ கையால நான் திங்க மாட்டேன்..."

பூங்காவனம் தட்டை எடுத்து மூடி வைத்தாள். கஜா பெராங் பகுதியிலிருந்த அந்த வீட்டில் கொஞ்ச நாளாக இதுதான் காலைப் பேச்சு.

அவள் கணவன் வேலாயுதம் லோரி ஓட்டுபவன். ஜப்பான்காரன் வந்தபின் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் உருளையில் கரியை எரித்து, அந்தப் புகையில் ஓடும் லோரி அது. பக்கத்து ஊரான செமாபோக்கிலிருந்து திரும்பும்போது அது சாலையை விட்டிறங்கி, கிழங்கு விற்ற சீனத்தி ஒருத்தியின் காலை முறித்துவிட்டது. வெளியே இழுத்தபோது வேலாயுதத்தால் நிற்க முடியவில்லை, நாக்குக் குழறியது. குடிபோதை என்று போலீஸ் முடிவு கட்டியது.

வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். அக்கம்பக்கமே எட்டிப் பார்க்க, அவமானத்தில் பூங்காவனம், "குடிச்சுத்தான் இருப்பாரு, வேற என்ன?" என்று சொல்லிவிட்டாள். பல வருஷம் சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டு வந்து அடித்தவன். போன தைப்பூசத்தில் விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை.

வக்கீல் ராஜரத்தினம் வந்து நிலைமையைச் சொன்னார். டாக்டர் யாரும் அவனைச் சோதிக்கவில்லை, வாடை அடித்ததாக ஒருவரும் சொல்லவில்லை; வழக்கே அவள் வாக்குமூலத்தில்தான் நிற்கிறது. குடிக்கவில்லை என்று மாற்றிச் சொல்லும்படி அஞ்சலை கெஞ்சினாள். தெரியாததை எப்படிச் சொல்வது என்று பூங்காவனம் மறுத்துவிட்டாள். அந்தக் காலத்தில் சிறைக்குப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

பிறகு ஒருநாள் மலாய்க்கார டிரைவர் பாக் யூசோப் வாசலில் வந்து நின்றார். வேலாயுதத்தின் லோரி இப்போது அவர் கையில். ஐந்து வேளையும் தொழுகிறவர், சாராயத்தைத் தொட்டறியாதவர். உஜோங் பாசிர் போகும் வழியில் தனக்கும் தலை சுற்றி, கால் துவண்டு, வாந்தியெடுத்து விழுந்ததாகச் சொன்னார். குழாய் வெடித்து, கரிப்புகை டிரைவர் உட்காரும் இடத்துக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்ததாம்.

பூங்காவனம் அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வக்கீலிடம் போனாள்.

கோர்ட்டில் யூசோப் நடந்ததைச் சொன்னார். தள்ளாடுகிறவனெல்லாம் குடித்தவன் ஆகமாட்டான் என்று வக்கீல் வாதாடினார். பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். தெருப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவரு குடிச்சத நான் பாக்கலைங்க. காலையில தெளிவாத்தான் கிளம்பினாரு. பழைய கோவத்துல... வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

மாஜிஸ்திரேட் கடுமையாகக் கண்டித்தார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். வேலாயுதத்தை விடுவித்தார்கள்.

பண்டார் ஹிலிர் தெருவில் அவன் முன்னால் நடந்தான். பின்னாலிருந்து அவள், "என்னை மன்னிச்சிருங்க..." என்றாள்.

அவன் நின்றான். மெலிந்துபோயிருந்தான்.

"நான் குடிச்சு அடிச்ச நாள்ல யாருகிட்டயும் நீ வாய் தொறக்கல. குடிக்காத நாள்ல சொல்லிட்ட. லாக்கப்புல கோவமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன்... உன்னை அப்படி நினைக்க வெச்சதே நான்தானே. வெக்கப்பட வேண்டியவன் நான், பூங்காவனம்."

நடுத்தெரு என்றும் பாராமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். அவன் கண்ணும் நிறைந்திருந்தது.

வீட்டில் அத்தை காத்திருப்பார் என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"முதல்ல ஆஸ்பத்திரி. அந்த அம்மா கால் முறிஞ்சு கிடக்குறாங்க. கேஸ் இல்லைன்னதும் அது இல்லாமப் போயிருமா?"

எந்த முகத்தோடு போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும்தான். இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.